நீலக் கரை போட்ட பேய்

1966 பிப்ரவரி 15, செவ்வாய்

கொடியில் காயப் போட்ட விரிப்பைக் காணவில்லை. வேறு விரிப்பாக இருந்தால் தொலைகிறது என்று விட்டிருப்பேன். இது நாடீன் நீல நூலில் கரை பின்னிய விரிப்பு. என் தங்கை நாடீன் கண்ணை மூடும்போது என்னிடம் விட்டுப் போனது இரண்டே இரண்டு. லவோன் ஒன்று, அந்த விரிப்பு ஒன்று. ஓக்லஹோமாவிலிருந்து இந்த ஆக்ஸ்நார்ட் வரைக்கும் இரண்டையும் பத்திரமாகக் கொண்டு வந்து சேர்த்தவள் நான்.

காற்று அடித்துக்கொண்டு போயிருக்கும் என்கிறாள் லவோன். கிளிப் இரண்டும் கொடியிலேயே ஒழுங்காகக் கவ்விக்கொண்டு இருக்கின்றன. துணியை எடுத்துக்கொண்டு கிளிப்பைத் திரும்ப மாட்டிவிட்டுப் போகிற காற்றை இந்த ஐம்பத்து நாலு வருஷத்தில் நான் பார்த்ததில்லை.

எடுத்த கை விளங்காது. 

பிப்ரவரி 17, வியாழன்

எடுத்தவள் லவோன்.

ஆண்டவரே, அந்தக் கையைப் பற்றி நான் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளாதேயும்.

சினிமாவில் நடிக்கிறாளாம். பத்தொன்பது வயது. தட்டச்சு வகுப்பு என்று சொல்லிவிட்டு மூன்று நாளாக மலிபு கடற்கரைக்கு பஸ் ஏறியிருக்கிறாள். பேய் வீட்டுப் படமாம், அதுவும் சிரிப்புப் படமாம். கடற்கரையில் கும்மாளம் போடுகிற பிள்ளைகள் ஒரு பாழடைந்த பங்களாவுக்குள் போய் மாட்டிக்கொள்கிறார்களாம். உள்ளே ஏழு பேய். மூன்றாவது பேய் என் தங்கை மகள். கம்பெனி சின்னக் கம்பெனி என்பதால் பேய்கள் அவரவர் விரிப்பை அவரவரே கொண்டுவர வேண்டுமாம்.

வீட்டில் கிடக்கிற பழைய விரிப்பை எடுத்துப் போக வேண்டியதுதானே என்று கேட்டேன். என் வாயில் முதலில் வந்தது இந்தக் கேள்வியா? சினிமாவுக்கு ஏன் போனாய் என்றல்லவா கேட்டிருக்க வேண்டும். ஆத்திரத்தில் வரிசை தப்பிவிட்டது.

"பழசெல்லாம் மஞ்சளாயிடுச்சு பெரியம்மா. பேய் வெள்ளையா இருக்கணும்."

நம் சபையில் சேரும்போதே அட்டையில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறோம். குடிக்கமாட்டேன், சீட்டாடமாட்டேன், சினிமா பார்க்கமாட்டேன். பதினாலு வயதில் அவளும் போட்டாள். பேனாவை எடுத்துக் கொடுத்தவளே நான்தான். இப்போது கேட்டால், பார்க்கக்கூடாது என்றுதான் அட்டையில் இருக்கிறது, நடிக்கக்கூடாது என்று எங்கே இருக்கிறது என்கிறாள். தட்டச்சுக்கு அனுப்பினது தப்பு. வக்கீலுக்குப் படிக்க வைத்திருக்க வேண்டும்.

பிப்ரவரி 18, வெள்ளி

எலுமிச்சை கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு மலிபு போனேன். கூட வேலை செய்கிற கொன்சுவேலோதான் காரோட்டி வந்தாள். பெண்ணைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வருவது என்ற முடிவோடுதான் கிளம்பினேன். கொன்சுவேலோவுக்கு எல்லாம் விளையாட்டு. "பேய் பிடிக்கப் போறோமே அக்கா, கையில சிலுவை எடுத்துக்கிட்டியா?" என்று வழியெல்லாம் சிரிப்பு.

பங்களாவாம் பங்களா. முன்பக்கச் சுவரை மட்டும் பலகையில் அடித்து, பின்னால் கட்டை முட்டுக் கொடுத்து நிறுத்தியிருக்கிறார்கள். கதவைத் திறந்தால் அந்தப் பக்கம் கடல். வீடும் இல்லை, பேயும் இல்லை, இதற்கு ஒரு பொய் வகுப்பு! காலைக் குளிரில் பெண்பிள்ளைகள் நீச்சல் உடையில் உதடு நீலம் பாரித்து நிற்கிறார்கள். படத்தில் இது கோடைக்காலமாம். பேசும்போது வாயில் ஆவி தெரியக்கூடாது என்று ஒருவன் வந்து ஆளுக்கொரு ஐஸ் கட்டியைக் கொடுத்து வாயில் அடக்கிக்கொள்ளச் சொல்கிறான்.

நேராக அவனிடம் போனேன். உன் வீட்டுப் பிள்ளை வாயில் இந்த ஐஸை வைப்பாயா என்று ஆரம்பித்து நாலு பேர் திரும்பிப் பார்க்கும்வரை கேட்டேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அம்மா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. உங்க நிழல் பேய் மேல விழுது" என்றான்.

மூன்றாவது பேய் என்னிடம் ஓடி வந்தது. துணிக்குள்ளே பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது. போய்விடுங்கள் பெரியம்மா, என்னை நிறுத்திவிடுவார்கள் என்று கெஞ்சியது. நான் அதன் முகத்தைப் பார்த்தேன். கண்ணுக்கு இரண்டு ஓட்டை. நாடீனோட விரிப்புல! கத்தரிக்கோல வெச்சு, வட்டமா, ரெண்டு ஓட்டை!

இழுத்துக்கொண்டு வரவில்லை. என் கம்பளிக் கோட்டைக் கழற்றி விரிப்புக்குள்ளே அவளுக்கு மாட்டிவிட்டு வந்துவிட்டேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்னும் விளங்கவில்லை. மற்ற ஆறு பேயும் ஒல்லி, நம் பேய் மட்டும் நல்ல தீனி போல என்றாள் கொன்சுவேலோ. ஊர் வந்து சேரும்வரை அவளோடு நான் பேசவில்லை.

பிப்ரவரி 20, ஞாயிறு

சபைக் கட்டடம் எழும்பும்வரை எங்களுக்கு ஆராதனை டிரைவ்-இன் மைதானத்தில்தான். சனிக்கிழமை சாயங்காலம் ஊரார் காரில் உட்கார்ந்தபடி சினிமா பார்க்கிற அதே இடத்தில், ஞாயிறு காலை நாங்கள் காரில் உட்கார்ந்தபடி பிரசங்கம் கேட்கிறோம். போதகர் டில்மன் தின்பண்டக் கடையின் கூரைமேல் நிற்பார். சத்தம் கார் ஜன்னலில் மாட்டிய ஸ்பீக்கரில் வரும். ஆமென் சொல்ல வேண்டிய இடத்தில் ஒரு ஹாரன்.

அவருக்குப் பின்னால் அந்தப் பெரிய வெள்ளைத் திரை. இத்தனை நாள் அது என்னை உறுத்தியதில்லை. இன்று ஒரு ஹாரன்கூட நான் அடிக்கவில்லை. பக்கத்தில் லவோன் இருமிக்கொண்டே இருந்தாள்.

மார்ச் 5, சனி

விரிப்பு திரும்பி வந்தது. மூன்று அலசு அலசியும் மணல் போகவில்லை. ஓட்டை உள்பக்கம் போகும்படி மடித்துப் பெட்டிக்கு அடியில் வைத்தேன். லவோனோடு பேச்சை நிறுத்திப் பதினைந்து நாள். சாப்பாடு மட்டும் போடுகிறேன்.

ஆகஸ்ட் 10, புதன்

அந்தப் படம் நம் ஊர் டிரைவ்-இன்னுக்கே வந்துவிட்டது! போதகர் நிற்கிற கூரைக்குக் கீழே பேய்ப் பட விளம்பரம் ஒட்டியிருக்கிறார்கள். எலும்புக்கூடு ஒன்று பல்லைக் காட்டுகிறது. லவோன் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. நானும் கேட்கவில்லை. பேச ஆரம்பித்துச் சில மாதம்தான் ஆகிறது. கெடுக்க வேண்டாம்.

என் சலவை அறை ஜன்னலில் நின்றால் அந்தத் திரை முழுசாகத் தெரியும். சத்தம் கேட்காது. பொழுது சாய்ந்தால் அந்த ஜன்னல் சீலையை இழுத்துவிடுவதைப் பத்து வருஷமாகத் தவறாமல் செய்கிறவள் நான்.

ஆகஸ்ட் 11, வியாழன்

சீலையை இழுக்க மறந்துவிட்டேன்.

மறந்துவிட்டேனாம். எனக்கு நானே எழுதுகிறதில் இந்தப் பசப்பு எதற்கு?

உட்காரவில்லை. துணி மடித்தபடி நின்றேன். நிற்கிறவள் கண்ணில் படுவதும் உட்கார்ந்து பார்ப்பதும் ஒன்றா? எலும்புக்கூடு அலைமேல் சறுக்குகிற பலகையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படியில் ஓடுகிறது. தடியன் ஒருவன் சுவரில் போய் முட்டுகிறான், சுவரே ஆடுகிறது. பலகைச் சுவர்தானே, எனக்குத் தெரியாதா? அப்புறம் பேய்கள் வரிசையாக வந்தன. மூன்றாவது பேய் குண்டு. என் கோட்டு!

அது விரிப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு திரையில் முன்னால் முன்னால் ஓடி வந்தது. நீலக் கரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும். நாடீன் ஓர் இடத்தில் தையலைத் தப்பவிட்டிருப்பாள். அந்தத் தப்பு என் வீட்டுக் கதவு உயரத்துக்குத் தெரிந்தது. ஒரு ஊரே பாக்குது நாடீன், உன் கையை. நீ இல்லையேடி.

உடனே அந்தப் பேய் கரையைத் தானே மிதித்துக் குப்புற விழுந்தது. சிரித்துவிட்டேன். கையிலிருந்த துண்டை வாயில் வைத்து அமுக்க வேண்டியதாகிவிட்டது.

ஆகஸ்ட் 12, வெள்ளி

இன்றும் துணி மடித்தேன்.

ஆகஸ்ட் 13, சனி

இன்று மடிக்கத் துணியே இல்லை. முடிவு வரைக்கும் நின்றேன். கடைசி இரண்டு நிமிஷத்தில் பேய்களெல்லாம் விரிப்பைக் கழற்றி எறிந்துவிட்டு நீச்சல் உடையில் மணலில் ஆடுகின்றன. இவளும் ஆடுகிறாள். இரண்டு துண்டு உடை! கோபம் முழுசாகத் திரும்பி வந்தது. அது வந்ததில் ஒரு நிம்மதி.

ஆகஸ்ட் 16, செவ்வாய்

சபை மூப்பர் பிரதர் ஹார்லன் வந்தார். நான் செய்த பீச் பழ அப்பத்தில் இரண்டு துண்டு சாப்பிட்டார். வாயைத் துடைத்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"சிஸ்டர் ஆர்டித், உங்க வீட்டுப் பொண்ணு துணியைக் கழட்டிப் போட்டுட்டு ஆடுதாமே. காதுக்கு வந்துச்சு."

ஞாயிற்றுக்கிழமை அவள் கூரைமேல் ஏறி எல்லாருக்கும் முன்னால் மன்னிப்புக் கேட்க வேண்டும். ஏற்றுக்கொள்கிறவர்கள் ஹாரன் அடிப்பார்கள். ஏறமாட்டேன் என்றால் சபை ஏட்டிலிருந்து பெயரை அடித்துவிடுவார்கள்.

நான் என்ன சொன்னேன்? சரி பிரதர் என்றேன். மூன்று நாள் ஜன்னலில் நின்றவள், சரி பிரதர் என்று சொல்லி, மிச்ச அப்பத்தைக் காகிதத்தில் சுற்றிக் கையில் கொடுத்தும் அனுப்பினேன். எம் மேலயே எனக்கு வயிறு எரியுது.

ஆகஸ்ட் 17, புதன்

லவோனிடம் சொன்னேன். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

"ஏறிச் சொல்றேன் பெரியம்மா. உங்களுக்காகச் சொல்றேன். சொல்லிட்டு அப்படியே பஸ் ஏறிடுவேன். அப்புறம் இந்தப் பக்கம் வரமாட்டேன்."

வெறும் பேச்சில்லை. கதவோரம் பையைக் கட்டி வைத்துவிட்டாள். அவள் அம்மாவின் படத்தைச் சுவரிலிருந்து கழற்றியாகிவிட்டது. அந்த ஆணியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 19, வெள்ளி

எலுமிச்சை தரம் பிரிக்கும்போது கொன்சுவேலோவிடம் கொட்டித் தீர்த்தேன். அவள் காயைப் புரட்டிக்கொண்டே, அது லவோன்தான் என்று யார் பார்த்துச் சொன்னார்கள் என்று கேட்டாள்.

கை நின்றுவிட்டது. படம் முழுக்க அவள் தலைமேல் துணி. திரையில் அவள் பெயரும் போடவில்லை. துணி கழலுவது கடைசி இரண்டு நிமிஷம். அப்படியானால் நம் சபையில் யாரோ ஒருவர் அதுவரைக்கும் அசையாமல் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். காதுக்கு வந்ததாம்! எவர் கண் வழியாக வந்தது?

இதை நான் கேட்கலாம். கேட்டால், கடைசி இரண்டு நிமிஷம் என்று உனக்கு எப்படித் தெரியும் என்று திருப்பிக் கேட்பார்கள். நாற்பது வருஷமாக அந்த அட்டைக்கு நான் உண்மையாக இருந்தவள். மாதர் கூட்டத்துக்குத் தலைவி. சொல்லாவிட்டால் பிள்ளை போய்விடும். சொன்னால் நான் போய்விடுவேன்.

ஆகஸ்ட் 21, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி, வரிசையாக எழுதிவிடுகிறேன்.

லவோன் கூரைமேல் ஏறி நின்றாள். என் பழைய சாம்பல் கவுன், கழுத்துவரை பொத்தான். பிரதர் ஹார்லன் காகிதத்தை வைத்துக்கொண்டு வாசித்தார். அவர் "வெட்கமின்றி" என்று சொன்னது என் கார் ஜன்னலில் ஸ்பீக்கரில் கரகரவென்று வந்தது. அவள் தலையைக் குனிந்தாள். நாடீன் குனிவது போலவே.

அதுக்கு மேல என்னால உக்கார முடியல. காரை விட்டு இறங்கினேன். இரும்பு ஏணி, பதினோரு படி, இந்த முழங்காலோடு ஏறினேன். மைக்கைக் கேட்கவில்லை, பிடுங்கினேன்.

"அது என் விரிப்பு. படத்தை நானும் பார்த்தேன். சலவை அறை ஜன்னல்ல நின்னு, மூணு நாள் பார்த்தேன். சிரிச்சேன். பேரை அடிக்கிறதா இருந்தா என் பேரை முதல்ல அடிங்க."

போதகர் டில்மன் என் கையைத் தொட வந்தார். தள்ளிவிட்டேன், ஆண்டவர் மன்னிக்கட்டும்.

"கடைசி ரெண்டு நிமிஷத்துலதான் இவ துணியைக் கழட்டுறா. அதுவரைக்கும் பார்த்தவங்க என்னைத் தவிர இங்க யாராவது இருந்தா ஒரு ஹாரன் அடிங்க. நான் மட்டும்தான்னா நாங்க ரெண்டு பேரும் இறங்கிப் போயிடுறோம்."

கடற்பறவை கத்துவது மட்டும் கேட்டது. லவோன் என் கையைப் பிடித்தாள். ஐஸ் கட்டி மாதிரி இருந்தது. போதும், இறங்கலாம் என்று திரும்பினேன்.

அப்போது மூன்றாவது வரிசையில் ஒரு ஹாரன். பச்சைக் கார். பிரதர் ஹார்லனுடைய கார். பிரதர் ஹார்லன் என் பக்கத்தில் காகிதத்தோடு நிற்கிறார். காருக்குள் அவர் மனைவி சிஸ்டர் ஈட்னா இரண்டு கையையும் ஸ்டீயரிங்கில் வைத்து, நேரே பார்த்துக்கொண்டு, எடுக்காமல் அமுக்கிக்கொண்டிருந்தாள்.

அப்புறம் பின்வரிசையில் ஒன்று. ஓரத்தில் இரண்டு. எண்ணுவதை விட்டுவிட்டேன். எல்லாரும் இல்லை. பாதிப் பேர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கல்லு மாதிரி இருந்தார்கள். பிரதர் ஹார்லன் காகிதத்தை மடித்தார், இன்னும் மடித்தார், பொத்தான் அளவுக்கு வரும்வரை மடித்தார். போதகர் மெதுவாக மைக்கை வாங்கி, ஜெபிப்போம் என்றார்.

ஆகஸ்ட் 22, திங்கள்

இன்னும் கோபம் ஆறவில்லை. பிரதர் ஹார்லன் மேல். இத்தனை நாள் வாயைத் திறக்காத ஈட்னா மேல். ஏணியில் இறங்கும்போது, "பெரியம்மா, சிரிச்சீங்களா? எந்த இடத்துல?" என்று கேட்டாளே, இவள் மேல்.

விழுந்த இடத்தில் என்று சொன்னேன். பை இன்னும் கதவோரம்தான் இருக்கிறது.

ஆகஸ்ட் 25, வியாழன்

மாதர் கூட்டத்துக்கு இனி வேறு தலைவி என்று கடிதம் வந்தது. பெயரை அடிக்கவில்லையாம், பெரிய மனசு. கிழித்து அடுப்பில் போட்டேன்.

செப்டம்பர் 17, சனி

லவோன் திங்களன்று லாஸ் ஏஞ்சலஸ் போய் வெள்ளியன்று வருகிறாள். அடுத்த படம் மம்மிகளாம். உடம்பெல்லாம் துணி சுற்றியிருக்கும், பயப்படாதீர்கள் என்கிறாள். கடைசி இரண்டு நிமிஷத்தில் என்ன ஆகும் என்று கேட்டேன். எழுந்து பையை அடுக்கப் போனாள். கத்தினேன். கத்திவிட்டுச் சாப்பாடு போட்டேன்.

நாடீன் படம் திரும்ப ஆணியில் ஏறியிருக்கிறது. விரிப்பை லவோன் கட்டிலில் விரித்தேன். ஓட்டையைத் தைக்க ஊசியில் நூலும் கோத்தேன். அப்புறம் ஓட்டை கால்மாட்டில் வரும்படி திருப்பிப் போட்டுவிட்டு ஊசியை எடுத்து வைத்துவிட்டேன்.

சலவை அறைக்கு ஒரு நாற்காலி வாங்கிப் போட்டேன். முழங்காலுக்காகத்தான். சிஸ்டர் ஈட்னா வியாழக்கிழமை துணி மடிக்க ஒத்தாசைக்கு வருகிறாள். அவளுக்கும் முழங்கால் வலியாம். அவளுக்கும் ஒன்று போட்டிருக்கிறேன்.