வசந்தா பேர் ஒட்டிய டியூப்

புரட்டாசி 9, வியாழன்
மலைமேல் மூட்டம், இங்கே சொட்டு மழை இல்லை. மக்காச்சோளத்துக்குப் பாதி உரம் வைத்தாயிற்று. மதியம் சுகாதார நிலையத்தில் பெண்கள் முகாம். எனக்கு நாலு மாதமாக வெள்ளைப்படுதல். நாத்தனார் வசந்தாவுக்கு அடிவயிற்று வலி. கெஞ்சி இழுத்துப் போனேன்.

யாரும் பார்க்க மாட்டார்களாம். நாமே பாத்ரூமுக்குள் போய், பஞ்சுக்குச்சியை உள்ளே விட்டுச் சுற்றி, பேர் ஒட்டிய டியூபில் போட்டுத் தரணும். வசந்தா அழாத குறை. எடுத்து என் கையில் திணித்துவிட்டு, "மாட்டப் புடிச்சிக் கட்டணும் அண்ணி" என்று ஒரே ஓட்டம். மூடி சரியில்லை என்று திறந்தேன். குச்சி ஈரத்தரையில் விழுந்துவிட்டது. திரும்பக் கூப்பிட்டால் வரவே மாட்டாள். தட்டில் புதுக்குச்சி இருந்தது. என்னிடமிருந்தே இன்னொரு தரம் எடுத்து அவள் டியூபில் போட்டுக் கொடுத்தேன். புருஷன் செத்து நாலு வருஷம், அவளுக்கு என்ன இருக்கப்போகிறது.

10, வெள்ளி
துவரம்பருப்பு, பினாயில், பாப்பாவுக்கு நோட்டு. வீட்டுக்காரரிடமிருந்து போன் இல்லை. போர்வெல் போடும் லாரியோடு வடக்கே. சித்திரையில் வந்து போனதோடு சரி.

23, வியாழன்
ரிசல்ட். நர்சம்மா ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டார். எனக்குப் பால்வினைத் தொற்று. "பயப்படாதம்மா, மாத்திரைல போயிடும். உங்க வூட்டுக்காரரும் போடணும். இல்லாட்டி திரும்ப வரும்."

அடுத்து வசந்தா. அவள் பேரைக் கூப்பிட்டதும்தான் உறைத்தது. அந்த டியூபில் இருந்ததும் என்னுடையதுதானே. எழுந்தேன். பெஞ்சில் பத்துப் பேர் பார்த்தார்கள். உட்கார்ந்துவிட்டேன். பாவி நான்.

ஓடை தாண்டியதும் அவளே பேச்செடுத்தாள். "வருஷக்கணக்கா உள்ளயே இருக்குமாம் அண்ணி. அப்போ செத்துப்போன எங்க வூட்டுக்காரருதான் குடுத்துட்டுப் போயிருக்காரு. உனக்கு இன்னா சொன்னாங்க?"

"ஒண்ணும் இல்ல."

ஏன் அப்படிச் சொன்னேன்?

24, வெள்ளி
நர்சம்மாவிடம் சொல்லணும். வசந்தாவிடம் சொல்லணும். அவரிடம் கேட்கணும். மூன்றும் செய்யவில்லை. மாத்திரை போட்டால் குமட்டல். வசந்தாவுக்கும்தான். என் நோய்க்கு அவள் மாத்திரை விழுங்குகிறாள்.

26, ஞாயிறு
தூறல். காலையில் அவர் போன். "தீபாவளிக்கு வந்துடறேன். இன்னா வாங்கியாரணும்?" கேட்க வாய் வரவில்லை. பாப்பாவுக்கு கவுன் என்றேன்.

இன்றைக்குச் சொல்லியே தீருவது என்று வசந்தா வீட்டுக்குப் போனேன். சுவரில் அவள் புருஷன் போட்டோ இல்லை. ஆணி மட்டும். நாலு வருஷமாகத் தினமும் பூ வைத்தவள்.

"எங்கடி?"

"எடுத்துட்டேன். அந்த மூஞ்சியப் பாத்துக்கினு சோறு எறங்கல."

"வசந்தா, அது வந்து..."

கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்க அண்ணன் அப்படி இல்ல. நீ குடுத்து வச்சவ அண்ணி."

காப்பி கொடுத்தாள். குடித்துவிட்டு வந்துவிட்டேன்.