சோத்தாங்கை பக்கம் திரும்பு

என் ஜெயா அக்காவுக்கு, கன்னத்தில் ஒரு முத்தமும் கையில் ஒரு கிள்ளும்.

கிள்ளு எதற்கென்று படித்துக்கொண்டே போனால் உனக்கே தெரியும். அங்கே கண்ணாடி இல்லாமல் படிக்க முடிகிறதா? உன் கண்ணாடி இங்கே டிவி பக்கத்திலேயே இருக்கிறது. மாமா தினமும் துடைத்து வைக்கிறார், வேறு யாரையும் தொட விடுவதில்லை.

முதலில் பெரிய செய்தி. எனக்குக் கார் லைசென்ஸ் கிடைத்துவிட்டது! சிரிக்காதே. நாற்பத்தெட்டு வயதில், இரண்டாவது தடவையில் கொடுத்தார்கள். முதல் தடவை ரிவர்ஸ் எடுக்கும்போது ஆபீசருடைய நாற்காலியை இடித்துவிட்டேன். நல்ல வேளை, அவர் அதில் உட்கார்ந்திருக்கவில்லை. பள்ளிக்கூட ஆபீஸில் ரிஜிஸ்டரோடு மல்லுக்கட்டுகிற உன் லூர்து இப்போது உன் பழைய வெள்ளைக் காரை ஓட்டுகிறாள். பின் சீட்டைக் கழற்றி நீ துணி மூட்டை அடுக்கின இடத்தில் இன்னும் நூல்பிசிறு கிடக்கிறது.

இரண்டாவது செய்தி கொஞ்சம் கனமானது. வருகிற ஞாயிற்றுக்கிழமை மாமா ஓசூருக்குப் போகிறார், உன் பிள்ளை ஜான் வீட்டோடு இருக்க. ஜானே வந்து அப்பாவைக் கூட்டிக்கொண்டு போகிறான். காரும் அவனோடு போகிறது. அதற்குள் ஒரே ஒரு தடவை உன் ரோட்டைப் பார்த்துவிட வேண்டும் என்று மாமா ஒற்றைக் காலில் நிற்கிறார்.

யார் என்று கேட்கிறாயா? அதே மாமாதான். விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு நாற்பது நிமிஷத்தில் போகிற பெரிய ரோடு இருக்கும்போது ஊர் ஊராகச் சுற்றுவது பெட்ரோலுக்குப் பிடித்த கேடு என்று சொன்னவர். ரைஸ் மில்லில் எடை போட்டுப் போட்டு அவருக்கு எல்லாமே முள் நேராக நிற்க வேண்டும். நீயோ நைட்டிக்கு வெட்டின துணியைக் கிராமத்துப் பெண்களிடம் கொடுத்து, தைத்ததை வாங்கிக்கொண்டு, செஞ்சிப் பக்கத்துப் பாறை மலைகளையெல்லாம் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் திண்டிவனத்துக் கடைக்குப் போய்ச் சேருவாய். “ஒரு ஞாயித்துக்கெழமை என்கூட வாங்களேன்” என்று நீ கூப்பிடுவதும், “எனக்கு வேற வேலை இல்லியா” என்று அவர் பேப்பரை விரிப்பதும் எத்தனை வருஷம் நடந்தது?

போன வாரம் அவர் என்னிடம் சொன்னார். “அவ எவ்ளோ தபா கூப்ட்டா லூர்து. ஒரு நாளு போயிருந்தா இன்னா கொறஞ்சா பூட்டிருப்பேன்? இப்பவும் போவலன்னா நான் மனுசனே இல்ல.”

அப்புறம்தான் அந்த நோட்டை எடுத்துக் கொடுத்தார். முண்டியம்பாக்கத்தில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்துகொண்டு நீ எழுதினாயே, அந்த நாற்பது பக்க நோட்டு. நான் ஏதோ துணிக் கணக்கு எழுதுகிறாய் என்று நினைத்திருந்தேன். அட்டையில் “அவருக்கு ரோடு” என்று போட்டிருக்கிறாய். அடி கள்ளி!

பத்து நாளாக அந்த நோட்டுதான் எங்களுக்கு எல்லாம். காபி குடித்துக்கொண்டே படிக்கிறோம். படிக்கப் படிக்கக் கேள்வி கூடிக்கொண்டே போகிறது. ஒரு ரோட்டுக்குக் “கொட்டாவி ரோடு” என்று பேர் வைத்திருக்கிறாயே, அங்கே தூக்கம் வருமா, இல்லை அங்கிருக்கும் மரமெல்லாம் தூங்குமூஞ்சி மரமா? “ஏரியில் நாரை இருந்தால் ஹாரன் அடிக்காதீங்க” என்று எழுதியிருக்கிறாய். நாரை எழுந்து பறந்தால் நஷ்டம் யாருக்கு? “மேல்சித்தாமூருக்குப் பொழுதோடு போயிடணும், அங்கே நயினார் வீடுகளில் பொழுது சாய்ந்தால் சாப்பிட மாட்டாங்க, உங்களுக்கும் கிடைக்காது” என்று ஒரு குறிப்பு. சமணர் வீட்டில் உனக்கு இலை போடும் அளவுக்கு யார் பழக்கம்? எங்களுக்கு ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை?

கடைசிப் பக்கம்தான் எங்களைத் தூங்கவிடாமல் செய்தது. “பாறைக்குளம். இங்கே வண்டியை நிறுத்தணும். சாப்பாடு இங்கேதான். உங்களுக்கு ஒண்ணு காட்டணும்.” அவ்வளவுதான். கீழே ஒன்றும் இல்லை.

என்ன காட்ட நினைத்தாய்? பாறையில் ஏதாவது சிலை இருக்கும் என்றேன் நான். குளத்தில் தாமரை இருக்கும் என்றான் ஜான், போனில். மாமா மட்டும் யோசித்து யோசித்து, “எடம் கிடம் வாங்கிப் போட்டுக்கிறாளா?” என்றார். எடை போடுகிற புத்தி எங்கே போகும்!

போன சனிக்கிழமை காலையில், சும்மா ஒரு தடவை வழி பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பினோம். நான் ஸ்டியரிங்கில், மாமா நோட்டும் கையுமாகப் பக்கத்தில். விக்கிரவாண்டி தாண்டிப் பெரிய ரோட்டை விட்டு இறங்கியதும் போனில் வழி சொல்கிற பெண் ஆரம்பித்துவிட்டாள், திரும்பு, திரும்பு, வந்த வழியே திரும்பு என்று. “நீ சும்மா கெடம்மா, எங்க வூட்டம்மா எழுதித் தந்துக்கிது” என்று மாமா போனிடம் சண்டை போட்டார்.

நீ வலது இடது என்று எழுதுகிறவள் இல்லையே. வலது எது, இடது எது என்று டீச்சர் கேட்டாலே பள்ளிக்கூடத்தில் உனக்கு முழி பிதுங்கும். அதனால் நோட்டு முழுக்க சோத்தாங்கை, பீச்சாங்கை என்றுதான் இருக்கிறது. “ஏரி மதகு வந்ததும் சோத்தாங்கை பக்கம் திரும்புங்க.” மாமா சத்தமாகப் படித்தார். நான் வலப்பக்கம் ஒடித்தேன். போனோம், போனோம், ஒரு செங்கல் சூளையில் போய் ரோடு முடிந்தது. நெருப்புக்கு விறகு அடுக்கிக்கொண்டிருந்தவர் எங்களைப் பார்த்து, “கல்லு எவ்ளோ வேணும்?” என்றார்.

திரும்பி வந்தோம். மதகு வேறு மதகாக இருக்கும் என்று இன்னும் கொஞ்சம் தள்ளி இன்னொரு மதகு பிடித்தோம். அங்கேயும் சோத்தாங்கை பக்கம் திரும்பினோம். இந்தத் தடவை ரோடு ஒரு கிணற்று மேட்டில் முடிந்தது. ஒருவரின் மாட்டுக் கொட்டகைக்குள் வண்டியை விட்டு ரிவர்ஸ் எடுத்தேன். மாமா முகம் தொங்கிப்போய்விட்டது. “மருந்து வேகத்துல தப்பா எழுதிட்டா போல. வுடு லூர்து, எனக்குக் குடுத்து வெக்கல” என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது அக்கா. அந்த மனுஷனுக்கு நீ விட்டுப் போனது அந்த நோட்டு ஒன்றுதான், அதுவும் பொய்யாகிவிட்டதா என்று.

முதல் மதகுக்கே திரும்பி வந்து நிறுத்தினோம். பக்கத்துக் கொல்லையில் மல்லாட்டைச் செடிக்குக் களை வெட்டிக்கொண்டிருந்த ஒரு பெண் களைவெட்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். “இது ஜெயாக்கா வண்டி ஆச்சே! நீங்க யாருங்க?” உனக்கு நைட்டி தைத்துக் கொடுத்த செல்வி. மாமா யாரென்று தெரிந்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் நோட்டை வாங்கிப் பார்த்தாள்.

“சோத்தாங்கை பக்கம்னு கரீட்டாத்தான போட்டுக்கிது? நீங்க ஏன் அந்தாண்ட போய்க்கினு வந்தீங்க?”

மாமா வலது கையைத் தூக்கிக் காட்டினார். “இதானம்மா சோத்தாங்கை?”

செல்வி சிரித்துவிட்டாள். “உங்களுக்கு அதுங்க. ஜெயாக்காவுக்கு இது” என்று இடது கையைத் தூக்கினாள். “எங்களாண்ட வழி சொன்னாலும் இப்டித்தான் சொல்லும். நாங்க மாத்திக்குவோம்.”

மாமா புரியாமல் என்னைப் பார்த்தார். நான் ஸ்டியரிங்கைப் பார்த்தேன்.

“எங்க வூட்லதான மத்தியானம் சாப்புடும்” என்று செல்வி சொல்லிக்கொண்டே போனாள். “மொத நாளு எங்க மாமியாருகூட மூஞ்சை சுளிச்சாங்க. இந்தக் கையால தின்னாத்தாம்மா எனக்கு சோறு உள்ள எறங்குதுன்னு சொல்லிச்சு. அதோட யாரும் ஒண்ணியும் கண்டுக்கறதில்ல. கேப்பைக் களியும் கருவாட்டுக் கொழம்பும் வெச்சா இன்னா ஜோரா சாப்புடும் தெரியுமா!”

நீயா? வீட்டில் கோழி கொத்துகிற மாதிரி நாலு வாய் கொறித்துவிட்டு எழுந்துவிடுவாயே, அந்த நீயா?

“வழி தெரிஞ்சிச்சில்ல மாமா, அப்டியே போயிடலாமா?” என்று கேட்டேன். அவர் நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டார். “இன்னிக்கு வாணாம். வூட்டுக்குப் போ” என்றார். விழுப்புரம் வந்த பிறகுதான் கேட்டார். “கத்திரிக்கோலு அந்தக் கையில புடிப்பா. தொழில் பழக்கம்னு நெனச்சிக்கினு இருந்தேன். உனக்குத் தெரியுமா லூர்து?”

சின்ன வயசுல அப்படித்தான் மாமா, அப்புறம் மாறிட்டா என்று சொன்னேன். மாறிவிட்டாய் என்றுதான் அக்கா நானும் நம்பியிருந்தேன். அப்பா கரண்டியால் உன் கை முட்டியில் அடித்தார். சாப்பாட்டு நேரத்தில் துண்டால் உன் இடது கையை முதுகோடு கட்டி வைத்தார். ஒரு மழைக்காலம் முழுக்க அழுதுகொண்டே தின்றாய். அப்புறம் ஒரு நாள் நீயாகவே வலது கையால் பிசைந்து தின்ன ஆரம்பித்தாய். எல்லோருக்கும் நிம்மதி. அந்தக் கதை அதோடு முடிந்தது என்று நினைத்தோம். அது செல்வி வீட்டில் இத்தனை வருஷம் நடந்துகொண்டிருந்ததா?

வீட்டுக்கு வந்ததும் நான் சோறு போட்டேன். சாம்பார், முட்டைப் பொரியல். மாமா வலது கையை மடியில் வைத்துக்கொண்டு இடது கையால் பிசைந்தார். விரலில் நிற்கவில்லை. பாதி வாய்க்குப் போகும் முன்பே சட்டையில் ஒழுகியது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவரும் சிரித்தார். மூன்றாவது வாயில் சிரிப்பு நின்றுபோனது.

“நாலு வாய்க்கே விரலு வலிக்குது லூர்து. முப்பது வருசம் என் எதிர்ல உக்காந்து இப்டித்தானே தின்னுக்கினு இருந்தா? கோழி, கோழின்னு நான் வேற கிண்டல் பண்ணேன்.” அப்படியே குலுங்கிக் குலுங்கி அழுதார். நீ போன அன்றுகூட அவர் அப்படி அழவில்லை.

தேம்பல் அடங்கியதும் கேட்டார். “இத்தத்தான் காட்டணும்னு எழுதினாளா? என் எதிர்ல அந்தக் கையால சாப்ட்டுக் காட்டணும்னா?”

எனக்குத் தெரியவில்லை. நீதான் சொல்ல வேண்டும். எதற்காக அவ்வளவு தூரம்? அடுக்களையிலேயே காட்டியிருக்கலாமே. அவர் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார் அக்கா. ஒரு வேளை சொல்லியிருப்பாரோ? அந்தப் பயம்தானா?

இன்று வெள்ளிக்கிழமை. நாளைக் காலை ஏழு மணிக்குக் கிளம்புகிறோம். மாமா நோட்டில் ஒரு எழுத்தைக்கூடத் திருத்த விடவில்லை. “அவ சொன்னபடியே படிப்பேன். நீ அவ கையை நெனச்சிக்கினு திரும்பு” என்கிறார். டயருக்குக் காற்று அடித்தாயிற்று. கேப்பைக் களி கிண்டுவது அவரேதானாம். செல்வியிடம் போன் பண்ணிப் பக்குவம் கேட்டு, சத்தம் போட்டு எழுதிக்கொண்டிருக்கிறார். கருவாடு வாங்கக் கடைத்தெருவுக்கு என்னை விரட்டுகிறார், அதற்குள் இதை முடிக்க வேண்டும்.

மாமாவிடம் ஒன்றை நான் இன்னும் சொல்லவில்லை. உன்னிடமும் சொன்னதில்லை. அப்பா தானாகவே பார்த்துவிட்டார் என்றுதான் நீ கடைசி வரை நினைத்திருந்தாய். அவர் பார்க்கவில்லை அக்கா. ஆறு வயதில், மீன் தலையை நீ எனக்குத் தராமல் தின்ற கோபத்தில், வாசலுக்கு ஓடிப்போய், “அப்பா, அக்கா பீச்சாங்கையால தின்னுது” என்று கத்தினவள் நான்தான். அடி விழும் என்று தெரிந்தேதான் கத்தினேன். அந்தக் கிள்ளை உனக்கென்று எழுதினேன், எனக்குத்தான் அது சேர வேண்டும்.

நாளைக்குப் பாறைக்குளத்தில், களியில் கை வைக்கும் முன்பு மாமாவிடம் இதைச் சொல்லிவிடுவேன். அவர் திட்டினாலும் சரி, பேசாமல் போனாலும் சரி. சொல்லாமல் அவரை ஓசூருக்கு அனுப்ப மாட்டேன், இது உன்மேல் சத்தியம்.

உன்னைக் காட்டிக் கொடுத்த தங்கச்சி,
லூர்து