தமிழ் மேசைக்கு அறுபது தலை

மார்ச் 3, செவ்வாய்

இன்று கப்பலில் ஏறிய பயணிகள் 2,314. பாஸ்போர்ட் கணக்கில் முப்பத்தொரு நாடு. மொழிப் பட்டியல் பத்து மணிக்கு என் தமிழ் உதவி மேசைக்கு வந்தது. மாண்டரின் 840, கொரியன் 212, ஜப்பானியம் 96. கடைசி வரியில், தமிழ் 11.

பதினொன்றாம்! பகல் சாப்பாட்டுக்குள் என் மேசை முன்னால் நின்று தமிழில் சண்டை போட்டவர்களே முப்பது பேர். ஒரு அம்மாவுக்கு அறையில் ஏசி ஜாஸ்தி, ஒரு ஐயாவுக்கு ஏசி போதவில்லை. கடைசியில் பார்த்தால் இரண்டு பேரும் புருஷன் பெண்டாட்டி, ஒரே அறை.

கனடா பாஸ்போர்ட், நார்வே பாஸ்போர்ட் என்று விதவிதமாக வைத்திருக்கிறார்கள். ஏறும்போது நிரப்பும் அட்டையில் ‘விரும்பும் மொழி’ என்று ஒரு கட்டம். அத்தனை பேரும் ஆங்கிலத்துக்கு டிக் அடித்துவிட்டு, நேரே என்னிடம் வந்து, “ஏம்மா, தமிழ் பேசுற பொண்ணு நீதானே?”

பிரான்ஸ் பாஸ்போர்ட் வைத்திருந்த ஒரு பெரியவரை பிரெஞ்சு மேசைக்கு அனுப்பிவிட்டார்கள். கால் மணி நேரத்தில் இங்கே வந்தார். “அந்தத் தம்பி நல்லாத்தான் பேசுறான். ஆனா எனக்கு வாயுத் தொல்லை. அதைப் போய் அவன்கிட்ட எப்படிம்மா பிரெஞ்சுல சொல்றது?”

மார்ச் 4, புதன்

விசில் கூப்பிட்டார். விசில் என்றால் பயணிகள் சேவைக்கு எங்கள் மேலாளர். கழுத்தில் எந்நேரமும் ஒரு விசில் தொங்கும். எந்த நாட்டுக்காரர் என்று ஆறு மாதமாகக் கேட்கிறேன், கேட்கும்போதெல்லாம் ஒரு புது நாடு சொல்கிறார். (எங்களுக்குள் பேசுவது கப்பல் ஆங்கிலம். இந்த நோட்டில் மட்டும் எல்லோரும் தமிழ்தான் பேசுவார்கள். என் நோட்டு, என் இஷ்டம்.)

“அடுத்த சீசன்ல இருந்து, அட்டையில அறுபது பேர் இல்லாத மொழிக்கு மேசை கிடையாது” என்றார்.

“அப்ப நான்?”

“கரையில, பெட்டிக்குச் சீட்டு ஒட்டுற இடத்துல ஆள் வேணுமாம்.”

பெட்டியிடம் என்ன பேசுவது? சின்ன வயதிலிருந்து வாயாடி, வாயாடி என்று வீடு முழுக்கத் திட்டு வாங்கியவள் நான். பேசுவதற்கே சம்பளம் தருகிற ஒரே இடம் இந்த மேசை. கையில் மைக் வேறு கொடுத்திருக்கிறார்கள். இதை விட்டுவிட்டுப் போக எனக்கு மனசே இல்லை. போகவும் மாட்டேன்.

மார்ச் 5, வியாழன்

காலை முழுக்கச் சாப்பாட்டுக் கூடத்தில் மேசை மேசையாகப் போய்க் கெஞ்சினேன். அட்டையை மாற்றி எழுதிக் கொடுங்கள், ஒரு டிக் தானே?

சாம்பல் நிற சூட் போட்ட ஐயா: “ஏன், எனக்கு இங்கிலீஷ் வராதுன்னு யாரும்மா சொன்னா?”

முத்துமாலை அம்மா: “எம் பொண்ணு பார்த்தா சிரிப்பா. நீ போய் வேற ஆளைப் பாரு.”

இவர்களுக்கு அது மொழியைக் கேட்கும் கட்டம் இல்லை. பரீட்சை! ஆங்கிலம் என்று டிக் அடித்தால் பாஸ், தமிழ் என்று அடித்தால் ஃபெயில்.

மாற்றியவர்கள் இரண்டே பேர். அதில் ஒருவர் வாயுத் தொல்லைக்காரர்.

மார்ச் 6, வெள்ளி

மானம் போச்சு. விசில் என் பழைய விண்ணப்பத்தை எடுத்து மேசையில் வைத்தார். ‘முதல் மொழி’ என்ற இடத்தில் என் கையெழுத்தில், ஆங்கிலம். வேலைக்கு எழுதிப் போட்டபோது வரவேற்பில் இடம் கிடைக்கட்டும் என்று எழுதியது. பிறகு ஒருநாள் உடைந்த லிஃப்டை நான் தமிழில் திட்டியதைக் கேட்டுத்தான் இந்த மேசைக்கு மாற்றினார்கள்.

“நீயே இப்படி எழுதினா, அவங்களை ஏன் குறை சொல்றே?”

தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு என் மேசைக்கு வந்துவிட்டேன்.

மார்ச் 8, ஞாயிறு

பழைய கூட்டம் இறங்கி, புதுக் கூட்டம் ஏறியது. தமிழ் 9. இன்னும் கீழே!

அந்தக் கூட்டத்தில் என் அண்ணனும் அண்ணியும். ஊழியர் குடும்பச் சலுகையில் வந்திருக்கிறார்கள். கூடவே அண்ணன் ஆபீஸ் ஆட்கள் எட்டு ஜோடி. வாயாடி என்று எனக்குப் பட்டம் கொடுத்த புண்ணியவதி இந்த அண்ணிதான். கூடை அளவு தொப்பி, முகத்தில் பாதியை மறைக்கும் கண்ணாடி. கப்பலில் இருக்கும் ஐந்து நாளும் ஆங்கிலம் மட்டுமே என்று சபதமாம். அண்ணன் காதோடு சொன்னான்: “ஒரு மாசமா ப்ராக்டிஸ்டீ. எனக்குச் சாப்பாடு போடுறதே இங்கிலீஷ்லதான்.”

மார்ச் 9, திங்கள்

அண்ணியின் காலில் விழாத குறை. அறுபது பேர் விஷயம், பெட்டிச் சீட்டு விஷயம் எல்லாம் சொன்னேன். உங்கள் கூட்டமே பதினெட்டுப் பேர், நீங்கள் சொன்னால் கேட்பார்கள் என்றேன்.

“எதுக்கு? எனக்கு எடுத்துச் சொல்ல ஆள் வேணுமா? அவங்க முன்னாடி என் மானத்தை வாங்காதே” என்றாள். பக்கத்தில் யாரும் இல்லாததால் இதைத் தமிழில்தான் சொன்னாள்.

வந்த கோபத்தில் நேரே விசிலிடம் போனேன்.

“அட்டைதான் சார் பொய் சொல்லுது. காது பொய் சொல்லாது. நாளைக்கு நாலு மணிக்கு நீச்சல் குளத்துல நான் தமிழ்ல பேசுறேன். எத்தனை தலை திரும்புதுன்னு நீங்களே எண்ணுங்க.”

அவர் கடித்துக்கொண்டிருந்த விசிலை வாயிலிருந்து எடுத்தார். “அறுபது தலை. ஒண்ணு குறைஞ்சாலும் பெட்டிதான்.”

மார்ச் 10, செவ்வாய்

இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

நாலு மணி. குளத்தைச் சுற்றி ஐந்நூறு பேராவது இருப்பார்கள். மேல்தளக் கைப்பிடி ஓரமாக விசில். கையில் கையெண்ணி, கப்பல் ஏறுகிறவர்களை வாசலில் ஒரு தலைக்கு ஒரு அழுத்து என்று எண்ணுவோமே, அது. அவர் பக்கத்தில் நான், மைக்கோடு. தினமும் குளத்தருகே நடக்கும் எண் விளையாட்டுக்கு மற்ற மொழிகளில் அழைத்து முடித்தார்கள். என் முறை.

“கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டுத் தூங்குற மாதிரி நடிக்கிற அண்ணன்மாரே, உங்க வீட்டுக்காரம்மா பின்னாடிதான் நிக்கிறாங்க.”

ஐயோ, அந்தக் காட்சி! சாய்வு நாற்காலிகளில் கிடந்த ஆண்கள் வெடுக் வெடுக்கென்று எழுந்து உட்கார்ந்தார்கள். ஒருவர் கையில் இருந்த ஜூஸ் அவர் தொப்பையிலேயே கொட்டியது. டிக், டிக், டிக். இருபத்தாறு.

“அக்காமாரே, உங்க பிள்ளை ஐஸ்கிரீமை யார் கைப்பைக்குள்ள போடுறான்னு கொஞ்சம் பாருங்க.”

குளத்துக்குள்ளிருந்து பெண்கள் எழும்பினார்கள். முத்தும் தொப்பியும் குலுங்கின. டிக், டிக். நாற்பத்தெட்டு. நார்வேக்காரர்கள் என்று நான் நினைத்திருந்த ஒரு குடும்பமே எழுந்து தங்கள் பையைத் தேடியது.

“நேத்து எண் விளையாட்டுல ஜெயிச்சவரு பேரை இப்ப சொல்லப்போறேன். ஆங்கிலத்துல சொல்ல மாட்டேன்.”

ஐம்பத்தாறு. ஐம்பத்தெட்டு. ஐம்பத்தொன்பது.

அவ்வளவுதான். அதற்குள் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. சிரிக்கிறார்கள், ஒருவரை ஒருவர் கையால் இடிக்கிறார்கள். புதிதாகத் திரும்ப ஒரு தலை இல்லை. அண்ணி மட்டும் கூடைத் தொப்பிக்குக் கீழே கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தாள். எட்டு ஜோடியும் சிரிக்க, அவள் மட்டும் அசையவில்லை. விசில் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மைக்கில் ஒரு வார்த்தை வரவில்லை. எனக்கு! வார்த்தை வரவில்லை!

அப்போது அண்ணி எழுந்தாள். கண்ணாடியைக் கழற்றினாள். இடுப்பில் கை வைத்தாள்.

“அடியே வாயாடி! என்னடி லூட்டி அடிச்சிட்டு நிக்கிறே அங்க? இத்தனை பேரு மானத்தையும் கப்பல் ஏத்திட்டியேடி! கீழ இறங்கி வா, உன் வாயில ஊசி நூல் போட்டுத் தைக்கிறேன்!”

டிக்.

மார்ச் 13, வெள்ளி

அண்ணன் குடும்பம் இறங்கியது. வாசலில் அண்ணி என் கன்னத்தைக் கிள்ளினாள், வலிக்கிற மாதிரியே.

“பந்தயத்தை உங்க அண்ணன் சொல்லியிருந்தாரு. ஒண்ணு குறையுதுன்னு உன் மூஞ்சியே சொல்லுச்சு. நீ வாயடைச்சுப் போய் நின்னு நான் பார்த்ததே இல்லை. சகிக்கலை.”

அப்போ வேண்டுமென்றேதான் கத்தினாளா! ஒரு மாத ப்ராக்டிஸ், எட்டு ஜோடி முன்னால் வைத்த சபதம், எல்லாவற்றையும் எனக்காகவா விட்டாள்? அழுதுவிட்டேன். “சீருடையில அழாதே, நல்லா இல்லை” என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் போனாள். ஆங்கிலம் அழகாகத்தான் இருந்தது.

மார்ச் 14, சனி

விசில் வாக்கு மாறவில்லை. மேசை இருக்கும். ஆனால் ஒரு நிபந்தனை: அட்டையில் கேள்வி சரியில்லை, அதை நீயே மாற்றி எழுதிக் கொடு என்றார்.

எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. ‘விரும்பும் மொழி எது?’ என்பதை அடித்துவிட்டு எழுதினேன்: ‘கோபம் வந்தால் எந்த மொழியில் திட்டுவீர்கள்?’

மார்ச் 18, புதன்

புது அட்டை. புதுப் பட்டியல். தமிழ் 174. வாயை மூடவே நேரமில்லை.

என் ஒப்பந்தத் தாளும் வந்தது. ‘முதல் மொழி’ என்ற கட்டத்தில் இந்த முறை பேனா நிற்கவே இல்லை.

ஆனால் ஒரு கஷ்டம். என் அறைத்தோழி ஜப்பானிய மேசைக்காரி. அவள் மொழிக்கு வந்த எண் 14. ஏறியிருப்பவர்கள் தொண்ணூற்றுச் சொச்சம் பேர். மற்றவர்களில் பாதிப் பேர் கட்டத்தை வெறுமையாக விட்டிருக்கிறார்கள். மீதிப் பேர், திட்ட மாட்டோம், வருத்தத்தைக் கடிதமாக எழுதித் தருவோம் என்று ஓரத்தில் நுணுக்கி எழுதியிருக்கிறார்கள்.

கட்டில் விளிம்பில் உட்கார்ந்து என்னையே பார்க்கிறாள். “இந்தக் கேள்வியை எழுதின மகராசி யாரு?”

நாளை நாலு மணி, நீச்சல் குளம். மைக் அவளிடம். கையெண்ணியை விசிலிடம் சொல்லி நான் வாங்கி வைத்துவிட்டேன்.