மைனா போனுக்குள் பேசுகிறாள்

ஜூன் 3, செவ்வாய்

இன்று காலை குளியலறையில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்துகொண்டு மைனா, "இது பஸ்சு. எல்லாரும் டிக்கெட் எடுங்க. உள்ள தள்ளி நில்லுங்க" என்றாள். மூன்று முழு வாக்கியம்! ஈரக் கையோடு ஓடிப்போய்ப் போனை எடுத்து, பேச்சு டீச்சர் கொடுத்த செயலியைத் தொட்டேன். திறக்கவில்லை. "இந்தச் சாதனம் மாற்றியமைக்கப்பட்டுள்ளது. பாதுகாப்புக் காரணங்களால் செயலி இயங்காது" என்று ஒரு சாம்பல் பெட்டி வந்து நின்றது. என்ன மாற்றினேன் நான்? உறை மாற்றினேன். அதுவும் போன வருஷம். நேற்றிரவு செயலி தானாகவே புதுசாகியிருக்கிறது, அவ்வளவுதான் தெரிகிறது.

திரும்ப வருவதற்குள் பஸ் போய்விட்டது. வாளிக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தாள்.

மூன்றரை வயது. வீட்டுக்குள் இவ்வளவு பேசுகிறவள், வாசலைத் தாண்டினால் ஒரு எழுத்து பேசமாட்டாள். பேச்சு டீச்சரிடம் போனபோதெல்லாம் என் மடியில் பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தாள். "வீட்ல பேசறத பதிவு பண்ணி இதுல போடுங்கம்மா, நாங்க கேட்டுக்கறோம்" என்றுதான் அவர் இந்தச் செயலியையே கொடுத்தார். பிப்ரவரியிலிருந்து பதிவு செய்கிறேன். இந்த மாதம் 19-ஆம் தேதி பள்ளியில் மதிப்பீடு. எல்லாக் குழந்தைகளோடும் வகுப்பில் சேர்ப்பதா, தனி வகுப்பா என்று அன்றைக்குச் சொல்லிவிடுவார்கள். இவள் பேசுவாள் என்பதற்கு என்னிடம் இருக்கிற ஒரே சாட்சி அந்தப் பதிவுகள்.

பதற வேண்டாம். இதுவரை அனுப்பியதெல்லாம் அவர்களிடம்தானே இருக்கிறது.

ஜூன் 4, புதன்

அவர்களிடம் இல்லை.

"உங்க குழந்தை பேர்ல ஒரு பதிவுகூட வரலையேம்மா. நீங்க இன்னும் ஆரம்பிக்கலைன்னுல்ல நெனச்சோம்" என்கிறார் டீச்சர்.

ஒவ்வொரு பதிவின் கடைசியிலும் "நன்றி டீச்சர்" என்று சொல்வேன். நாலு மாசமாக. யாருக்குச் சொன்னேன்?

ஜூன் 5, வியாழன்

விஞ்ஞானிக்குப் போன் போட்டேன். என் வீட்டுக்காரருடைய தம்பி. வீட்டில் எதைக் கழற்றினாலும் திரும்ப மாட்டும்போது ஒரு திருகாணி மிஞ்சும், அதனால் அந்தப் பட்டப்பெயர். சாம்பல் பெட்டியில் இருந்ததைப் படித்துக் காட்டினேன்.

"அண்ணி... கோவிச்சுக்காதீங்க. அது நான் ரூட் பண்ணினதால."

"என்னது?"

"ரூட் அண்ணி. போன்ல எல்லா ரூமுக்கும் சேர்த்து ஒரே சாவி. விளம்பரம் வராம இருக்கணும்னா அது வேணும். மறந்துட்டீங்களா? பாப்பா பாட்டு பாக்கறப்ப நடுவுல சூதாட்ட விளம்பரம் வருதுன்னு நீங்கதானே குதிச்சீங்க?"

குதித்தேன். நன்றாக ஞாபகம் இருக்கிறது. "ஒரு நிமிஷம் குடுங்க" என்று வாங்கிக்கொண்டு போய் ராத்திரி முழுக்க நோண்டிவிட்டுக் கொடுத்தான். விளம்பரம் வரவில்லை. கொழுந்தன் என்றால் இப்படி இருக்கணும் என்று அவனைப் பெற்ற அத்தையிடம் வேறு பெருமையடித்தேன்.

விளம்பரம் வரும் வழிகளையெல்லாம் அடைத்தபோது டீச்சருடைய செயலி பதிவுகளை அனுப்பும் வழியும் அதில் மாட்டிக்கொண்டதாம். போகிற மாதிரி போய், வாசலிலேயே முட்டிக்கொண்டு திரும்பியிருக்கின்றன. இப்போது புதுச் செயலி, ரூட் இருந்தால் உள்ளேயே விடமாட்டேன் என்கிறது.

"போன்லயே கெடக்கற பதிவுகளை அப்படியே காப்பி எடுக்க முடியாதா?"

"எடுக்கலாம். ஆனா பூட்டின பெட்டி மாதிரி அண்ணி. அந்த ஆப் தவிர எதுலயும் கேக்காது. ரூட்டை எடுத்தாகணும், உள்ள இருக்கறது அழியாம எடுக்கணும். ஞாயித்துக்கிழமை வீடியோல வர்றேன். அதுவரைக்கும் யாராவது எல்லாத்தையும் அழிச்சு ரீசெட் பண்ணலாம்னு சொன்னா போனைத் தூக்கிட்டு ஓடிடுங்க."

ஜூன் 6, வெள்ளி

முதலில் சொன்னவர் வீட்டுக்காரர்தான். "ரீசெட் பண்ணி விடேன்? என் போன்ல புதுசா பதிவு பண்ணிக்கலாம்."

சரி, பார்ப்போம் என்று அவர் போனிலேயே முயன்றேன். யானைப் பொம்மையோடு மைனாவை உட்கார வைத்து, "இது என்ன? யானை. சொல்லு. யா... யானை. டீச்சருக்குச் சொல்லு கண்ணு. நேத்து சொன்னியே? இதுக்கு என்ன பேரு?" அவள் என்னைப் பார்த்தாள். போனைப் பார்த்தாள். யானையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுத் தானும் உள்ளே போய்விட்டாள்.

"பாத்தீங்களா?" என்றேன். போனை வாங்கிக்கொண்டார்.

ஜூன் 7, சனி

ஞாயிறு வரை பொறுக்காமல் கடைத்தெருவில் இருக்கும் போன் கடைக்குப் போனேன். தப்பு என்னுடையதுதான். விஞ்ஞானி எந்தத் திருகாணியை மிச்சம் வைப்பானோ என்று பயம்.

கடைக்காரர் நல்லபடியாகத்தான் பேசினார். "ரூட்தானே? எடுத்துரலாம்மா. அப்படியே பூட்லோடர்ங்கற உள்பூட்டையும் லாக் பண்ணிக் குடுத்துடறேன். போன் புதுப்பொண்ணு மாதிரி ஆயிடும்."

"உள்ள இருக்கற டேட்டா போகாதுல்ல அண்ணே?"

"ஒரு துளி போகாது."

போனை ஒரு ஒயரில் கோத்துக் கொஞ்ச நேரம் கணினியில் எதையோ இழுத்துப் போட்டார். பிறகு அணைத்து, ஏதோ இரண்டு பொத்தானைச் சேர்த்து அழுத்தினார். கறுப்புத் திரையில் பொடி எழுத்து. எனக்குப் பொடி எழுத்தைப் பார்த்தால் படித்தே ஆகவேண்டும், மருந்துச் சீட்டானாலும் சரி. மூன்றாவது வரியில் இருந்தது: பூட்டினால் இந்தப் போனில் உள்ள எல்லாத் தரவும் அழிக்கப்படும். அதற்குக் கீழே ஆம், இல்லை. அவருடைய கட்டைவிரல் ஆம் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

"அண்ணே! கையை எடுங்க!"

பக்கத்தில் சார்ஜர் பேரம் பேசிக்கொண்டிருந்தவர் இரண்டடி தள்ளி நின்றார். நான் கவுண்ட்டருக்கு மேல் பாதி படுத்துப் போனைப் பிடித்துவிட்டேன்.

"டேட்டா போகாதுன்னு சொன்னீங்களே?"

"போகாதும்மா! உங்க போட்டோ எல்லாம் காப்பி எடுத்து வெச்சிருக்கேன் பாருங்க. டேட்டான்னா அதானே?"

ஏமாற்றுகிறவர் இல்லை. அவரிடம் வருகிறவர்களுக்கு டேட்டா என்றால் போட்டோதான். எனக்கும் நாலு நாள் முன்னாடி வரைக்கும் அதேதான். இல்லை என்பதை நானே அழுத்தி, போன் பழையபடி வேலைசெய்யும்வரை அங்கேயே நின்று, வாங்கிக்கொண்டு வந்தேன். "நல்லதுக்குக் காலமில்ல" என்று முதுகுக்குப் பின்னால் சொன்னது கேட்டது.

வீட்டில் சொன்னபோது இவர், "அந்தாளு பூட்டியிருந்தா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு, எதற்கு அதைக் கேட்டோம் என்பது போல் மைனாவைத் தூக்கிக்கொண்டார்.

ஜூன் 8, ஞாயிறு

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன். இல்லையென்றால் தூக்கம் வராது.

இவருடைய போனில் வீடியோவில் விஞ்ஞானி. அவனுக்குப் பின்னால் அத்தை, "என்னடா நடக்குது அங்க? புள்ளைக்குப் பேச்சு வரலன்னா போனுக்கா வைத்தியம் பாக்கறீங்க?" என்று எட்டிப் பார்த்தார்.

முதலில் அடைத்த வழிகளைத் திறக்கச் சொன்னான். திறந்தேன். பிறகு ரூட் வைத்த செயலிக்குள்ளேயே அதை நீக்கும் பொத்தான். நீக்குவதற்கு முன், போனோடு வந்த அசல் கோப்பைத் திரும்ப வைக்கச் சொன்னான். தொட்டேன். "அசல் நகல் இல்லை" என்றது.

"அப்படின்னா?"

"அது வந்து அண்ணி... அன்னிக்கு நான் எடுத்து வெச்சிருக்கணும்."

"எடுத்து வெக்கலையா?"

"திருகாணி மிஞ்சிடுச்சுடா உனக்கு" என்றார் இவர். சிரிக்கவா இது நேரம்?

அதே கோப்பை இணையத்திலிருந்து இறக்கி, கணினி வழியாகப் போனுக்குள் வைக்கலாமாம். அதனால் எதுவும் அழியாது, ஆனால் இந்தப் போனில் இருக்கும் பதிப்பு எதுவோ அச்சு அசலாக அதே பதிப்பாக இருக்கவேண்டும். இவர் தேடி இறக்கினார். பெயரையும் போனில் இருந்த எண்ணையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டேன். எல்லாம் ஒன்று, கடைசி எழுத்து மட்டும் வேறு. "ஒரு எழுத்துதானேடி" என்றார். கணக்குப் பார்க்கிற வேலையில் இருக்கிறவர் பேசுகிற பேச்சா? வேறொன்று தேடிப்பிடித்து இறக்கினோம்.

கணினியில் "முடிந்தது" என்று வந்தது. போனில் கம்பெனிப் பெயர் வந்து நின்றது. நின்றது. நின்றுகொண்டே இருந்தது. விஞ்ஞானி அங்கே நகம் கடிக்கிறான். நான் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்தேன், மூடினேன். எதற்கு என்று தெரியாது.

"வந்துடுச்சு!" என்று இவர் கத்தினார்.

"இன்னும் இருக்கு அண்ணி. பூட்டு திறந்தேதான் கெடக்கும், அதை மூடினா எல்லாம் போயிடும். பூட்டு திறந்திருக்கறதையும் அந்த ஆப் ஒரு குத்தமா பாக்குமான்னு தெரியாது. தொட்டுப் பாருங்க."

தொடவில்லை. மைனாவின் விரலைப் பிடித்து அதை வைத்துத் தொட்டேன். பைத்தியக்காரத்தனம்தான். திறந்தது.

எல்லாம் இருக்கிறது. பிப்ரவரியிலிருந்து ஒன்றுவிடாமல். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு குட்டி வட்டம் சுற்றுகிறது: அனுப்பப்படுகிறது. வீடியோவில் விஞ்ஞானி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஏதோ பெரிய வீரன் மாதிரி நின்றான். நான் அழுததை அவன் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

அதே நாள், பிறகு

எழுதக்கூடாது என்று இருந்தேன்.

அவை போய்க்கொண்டிருக்கும்போது ஒவ்வொன்றாகக் கேட்டேன், ஆசையாக. பிப்ரவரி: பாத்திரச் சத்தம், அதற்குமேல் மைனா. பொம்மைக்கு ஊசி போடுகிறாள், திட்டுகிறாள், "அழுதா கடைக்குக் கூட்டிட்டுப் போக மாட்டேன்" என்கிறாள், சொந்தமாக ஒரு பாட்டு. நிறுத்தவே இல்லை. மார்ச்சில் என் குரல் வருகிறது. "இது என்ன கண்ணு?" ஏப்ரலில்: "இது என்ன நிறம்? இல்ல, சரியா சொல்லு. இன்னொரு தடவை. டீச்சருக்குச் சொல்லு." மே மாதத்தில்—

மே மாதத்தில் நான்தான் பேசுகிறேன். கேள்வி, கேள்வி, கேள்வி. அவள் "ம்". அவள் "இல்ல". கடைசிப் பதிவில் அவள் குரலே இல்லை. "நன்றி டீச்சர்" என்று மட்டும் அழகாகச் சொல்கிறேன்.

நாளுக்கு நாள் குறைந்திருக்கிறது. நாலு மாசம் பதிவு செய்தவள், கூட இருந்தே கவனிக்கவில்லையே! குறையக் குறைய இன்னும் கேட்டிருக்கிறேன். கேட்கக் கேட்க—

இதையா சாட்சி என்று கட்டிக்கொண்டு அலைந்தேன்? இதைக் கேட்டால் அவர்கள் என்ன நினைப்பார்கள்? குழந்தைக்குப் பேச்சு தேய்ந்துகொண்டே வருகிறது என்றுதானே? தனி வகுப்பு என்றுதானே எழுதுவார்கள்?

வை-ஃபையை அணைத்துவிட்டேன். பிப்ரவரி, மார்ச் போய்விட்டது. ஏப்ரல் பாதி. மீதி என் கையில்.

ஜூன் 9, திங்கள்

விளம்பரத்துக்காக அவன் அடைத்தான். இப்போது நான் அடைத்துவைத்திருக்கிறேன். தெரிந்தே.

ஜூன் 10, செவ்வாய்

வை-ஃபையைப் போட்டுவிட்டேன். எல்லாம் போய்ச் சேர்ந்தது.

ஜூன் 13, வெள்ளி

போன் அடிக்கும்போதெல்லாம் பக்கென்கிறது. இன்று அடித்தது அவர்களேதான்.

"எல்லாத்தையும் கேட்டேன்மா" என்றார் பேச்சு டீச்சர். நான் முந்திக்கொண்டு மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். மார்ச், ஏப்ரல், என் அவசரம், அத்தையின் பேச்சு, தூக்கமில்லாதது, எல்லாம். குறுக்கே பேசாமல் முழுக்கக் கேட்டார். நான் மூச்சு வாங்கினபோது ஒரே ஒரு கேள்வி.

"பிப்ரவரி பதிவுல நீங்க எங்கம்மா இருந்தீங்க?"

"சமையல்கட்டுல. பாத்திரம் தேய்ச்சுக்கிட்டு இருந்தேன்."

"அங்கயே இருங்க."

சிரித்தாரா என்று தெரியவில்லை. போனில் தெரியாதே. வைத்த பிறகுதான் எனக்கு அடக்கமுடியாமல் சிரிப்பு வந்தது. அப்புறம் அது சிரிப்பாக இல்லை.

ஜூன் 19, வியாழன்

மதிப்பீடு. நீளமான மேசை, மூன்று பேர். மைனா என் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு வார்த்தை இல்லை. என் நாக்கு நுனியில் "சொல்லு கண்ணு" நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டேன். இவர் என் முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் எழுந்துவிடுவேன் என்று பயந்தாராம்.

பேச்சு டீச்சர் பிப்ரவரிப் பதிவைப் போட்டுக் காட்டினார். பொம்மைக்கு ஊசி போடுவது. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த வழுக்கைத் தலைக்காரர் சத்தமாகச் சிரித்துவிட்டார். பிறகு மே மாதப் பதிவும் போட்டார். அதற்கு யாரும் சிரிக்கவில்லை. நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மைனா நிமிர்ந்து, போனுக்குள் பேசுகிற அம்மாவைத் தேடினாள்.

எல்லாரோடும் சேர்ந்த வகுப்பு. முதல் பருவம் முடிந்ததும் மறுபடி பார்ப்பார்கள். அதுவரை வீட்டிலிருந்து பதிவு வரவேண்டும், அம்மாவின் குரல் இல்லாமல்.

ஜூன் 21, சனி

முடியவில்லை. "தண்ணி வேணுமா?" என்று வாய் தானாகப் போய்விடுகிறது. அழித்தேன். இன்னொன்று. அதையும் அழித்தேன்.

ஜூன் 26, வியாழன்

பதிவை ஓடவிட்டுப் போனை அலமாரி மேல் வைத்துவிட்டு, தரையில் உட்கார்ந்து பட்டாணி உரித்தேன். மைனா எதிரே. கேட்கவில்லை, சொல்லிக்கொடுக்கவில்லை, "ம்" கூடக் கொட்டவில்லை. இவ்வளவு நேரம் சும்மா இருந்து எனக்குப் பழக்கமே இல்லை. உரித்த தோலை எண்ணினேன். ஜன்னலைப் பார்த்தேன். அவளும் ஒன்றும் பேசவில்லை. போச்சு, இதுவும் போச்சு என்று நினைத்தேன்.

எழுந்து வந்தாள். என் மோவாயைப் பிடித்துத் திருப்பி, வாய்க்குள் எட்டிப் பார்த்தாள்.

"அம்மா, வாய் வலிக்குதா?"

தலையை மட்டும் ஆட்டினேன்.

"சரி, நீ சும்மா இரு" என்று சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். "நான் பேசறேன்."