இரண்டு கேள்விக்குறிகள்

24.7.2006, திங்கள்
ஆடிக் காற்று. பெரம்பலூர் முழுக்கப் புழுதி. மின்சாரம் பத்து மணிக்குத்தான். காலை மாத்திரை போட்டேனா, நினைவில்லை.

நசீரின் பிரவுசிங் சென்டர். இரத்தக் கொடையாளர் பக்கத்தில் எதைத் தேடினாலும் ஆளே வருவதில்லை. போன வாரம் அதன் நிரலை நான்தான் மாற்றி எழுதினேன். பட்டியலில் தேடச் சொல்லும் வினவலில் இரத்தப் பிரிவு, ஊர் இரண்டுக்கும் வெறும் கேள்விக்குறி; அந்த இடங்களுக்கான மதிப்புகளைப் பின்னால் அதே வரிசையில் சேர்க்க வேண்டும். பாதுகாப்பான முறையாம். பிழைச் செய்தியும் இல்லை. பூஜ்யம். இந்த வயதில் இதைத் தொட்டிருக்கக் கூடாதோ.

25.7, செவ்வாய்
ஒரு அம்மா வந்தார். மகளுக்கு நாளை இங்கே அறுவை சிகிச்சை. பி நெகடிவ் வேண்டும்.

"எந்த ஊரும்மா?"

"செட்டிகுளம். ஊர அப்புறம் கேளுங்க சார், ரத்தத்த மொதல்ல பாருங்க."

ஊர் பெரம்பலூர் என்றே போட்டுத் தேடினேன். பூஜ்யம்.

"இவ்ளோ பெரிய டவுன்ல ஒருத்தர்கூடவா இல்ல?"

இருக்க வேண்டும். என் மகன் பாலு பி நெகடிவ். பக்கத்தைச் சோதித்துப் பார்க்க முதலில் பதிந்தது அவன் பெயரைத்தான். மார்ச்சில் பாடாலூர் பக்கம் லாரி மோதி இறந்தான். பெயரை யாரும் எடுக்கவில்லை. அவனாவது வந்திருக்க வேண்டும்.

அந்த அம்மா சொன்னதை நினைத்துக்கொண்டே மறுபடி படித்தேன். வினவல் கேட்பது முதலில் பிரிவு, பிறகு ஊர். நான் கொடுத்தது முதலில் ஊர். ஆளைப் பார்த்ததும் ஊரைக் கேட்கிற பழக்கம். 'பெரம்பலூர்' என்ற இரத்தப் பிரிவைக் கணினி தேடிக்கொண்டிருந்திருக்கிறது. இரண்டும் எழுத்துதான், அதனால் முறையிடவில்லை.

மாற்றினேன். மூன்று முறை சரிபார்த்தேன். இரண்டு பெயர்கள். பாலு. அடுத்து, பழைய பஸ் ஸ்டாண்ட் பேக்கரிக்காரர்.

நசீர் பேக்கரிக்காரருக்குப் போன் போட்டான். அவர் குரல் எனக்கே கேட்டது: "கையெல்லாம் மாவு பாய். கழுவிட்டு வந்துடறேன், இருக்கச் சொல்லுங்க."

அந்த அம்மா என்னைக் கும்பிட்டார். எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

27.7, வியாழன்
காற்று குறையவில்லை. ரசம் மட்டும் வைத்தேன். அந்த அம்மாவின் மகள் கண் விழித்துவிட்டாளாம்.

நசீர் தயங்கித் தயங்கி: "சார், இப்ப தேடுனா பாலு தம்பி பேருதான் மொதல்ல வருது. அவசரத்துல யாராச்சும் அந்த நம்பருக்கு அடிச்சா..."

"எடுத்துடறேன்."

பாலுவின் செல்போன் என் பையில். சார்ஜ் போட்டுத்தான் வைத்திருக்கிறேன்.

நீக்கும் வினவல் எழுதினேன். கேள்விக்குறி ஒன்றுதான், வரிசை தவற வழியில்லை. பாலுவின் பதிவு எண்ணைச் சேர்த்தேன். சரிபார்த்தேன். அதை இயக்கும் வரி மட்டும் பாக்கி; அது ஓடினால்தான் பெயர் போகும்.

நசீர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு நின்றான். "மெதுவா வாங்க சார்."