வேணி தேடிய படம்

நவ. 9, ஞாயிறு
காலையிலேயே வெக்கை. கிழக்கே கொஞ்சம் கறுத்திருக்கிறது. விளாத்திகுளம் பக்கம் உளுந்து வாடுகிறதாம். வாங்க வேண்டியது: சோப்பு, வத்தல், தலைவலித் தைலம்.

ஞாயிறென்றால் நானும் என் மனைவி வேணியும் ஒரு படம். பதினெட்டு வருடப் பழக்கம். தேர்ந்தெடுப்பது நான். இன்று படம் ஓடும்போதே போனைப் பார்த்துச் சிரிக்கிறாள். குளத்தூரில் அவளோடு படித்த டேவிட், வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் எழுதியிருக்கிறான்: "ஊரே கொண்டாடுனா கிளாசிக். ரெண்டே நாள்ல தூக்குன படத்த நாப்பது பேரு இருபது வருசமா பேசிட்டுத் திரிஞ்சா அது கல்ட்."

"சரியாத்தான சொல்லுதான்?" என்றாள்.

இதையே போன வருடம் நான் சொன்னேன். கொட்டாவி விட்டாள்.

நவ. 11, செவ்வாய்
வேலை பார்க்கும் ஜின்னிங் மில்லில் பருத்தி வரத்து இல்லை. சும்மா உட்கார்ந்து மூன்று ஆப்பில் தேடினேன். வேணி சிறுவயதில் பார்த்த படம். பெயர் மறந்துவிட்டாள். உப்பளத்தில் ஒருத்தி கறுப்புக் குடையோடு நடந்து போவாளாம். அவ்வளவுதான் நினைவு. "உப்பளம்", "குடை", "பழைய படம்" எல்லாம் போட்டாயிற்று. பேய்ப்படமாக வருகிறது.

டேவிட்டிடமும் கேட்டிருக்கிறாளாம். அவனுக்கு முன்னால் நான் கண்டுபிடிக்க வேண்டும்.

நவ. 13, வியாழன்
தூறல். வேணி குளிக்கப் போயிருந்தாள். அவள் போன் மினுங்கியது. டேவிட். "ஏட்டி, கிடைச்சிட்டு! இதான பாரு." கீழே லிங்க். திறந்தேன். முதல் காட்சியிலேயே உப்பளம், குடை.

அழித்துவிட்டேன். லிங்கையும், உரிமையாக அவன் போட்ட அந்த "ஏட்டி"யையும்.

அப்புறம் சட்னியில் உப்பில்லை என்று அவளிடம் கத்தினேன். உப்பு இருந்தது.

நவ. 15, சனி
மாட்டிக்கொண்டேன். "படம் பாத்தியா?" என்று டேவிட் கேட்டிருக்கிறான். அடுக்களையிலிருந்து நேரே வந்தாள்.

"நீங்களா அழிச்சீங்க?"

"ஆமா."

"எதுக்கு?"

"நான் தேடிக்கிட்டு இருந்தேம்லா."

"எனக்குப் படம் வேணும். யாரு தேடித் தந்தா என்ன?"

தட்டில் சோறு மட்டும் வந்தது. திட்டியிருந்தால் தேவலை.

நவ. 16, ஞாயிறு
நல்ல மழை. தெருவெல்லாம் கரிசல் சகதி. எங்கும் போகவில்லை. டேவிட் மறுபடி அனுப்பிய படத்தை மூன்று மணிக்கு அவளே டிவியில் போட்டாள். "வாங்க." அவ்வளவுதான் சொன்னாள். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

நல்ல படமா, தெரியாது. அவள் முகத்தைத்தான் பார்த்தேன். குடைக்காரி வந்ததும் வாய் பிளந்தாள், பத்து வயதுப் பிள்ளை மாதிரி. இந்த முகத்தை டேவிட் பார்க்கவில்லை. கொஞ்சம் ஆறுதல்.

முடிந்ததும் போனை என் கையில் வைத்தாள். "அழிச்சது நீங்க. பதிலும் நீங்களே போடுங்க."

தட்டினேன்: "படம் பார்த்தோம். மிக்க நன்றி."

உடனே வந்தது: "அண்ணாச்சியா? வேணி இப்படி எழுதமாட்டாளே."

எப்படி எழுதுவாள் என்று இவனுக்குத் தெரிந்திருக்கிறது.