கேட்டால்தான் பந்து

என் மகனுக்கு,

நீ நலமாக இருப்பாய் என்று எழுதித்தான் எப்போதும் தொடங்குவேன். இந்தத் தடவை கை வரவில்லை. நலமா என்று கேட்டே தொடங்குகிறேன். இங்கே நாங்கள் இருக்கிறோம். அப்பாவுக்குக் காது இன்னும் மந்தமாகிவிட்டது, அவர் டிவி போட்டால் தெருக்கோடி வரைக்கும் செய்தி தெரிந்துவிடுகிறது. என் முட்டி பழையபடிதான், படி இறங்கும்போது மட்டும் நானும் இருக்கிறேன் என்று சொல்லும். சுற்றி வளைக்காமல் எழுதிவிடுகிறேன். உனக்கு வேலை போனது எனக்குத் தெரியும். போன வாரம் அக்கா வந்திருந்தாள். வெங்காயம் உரித்துக்கொண்டே, அவன் தேடிக்கிட்டுதாம்மா இருக்கான், சீக்கிரம் வேற வேலை கெடச்சிடும் என்றாள். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. கத்தியைக் கீழே வைத்துவிட்டு, ஐயோ நான் சொன்னேன்னு சொல்லிடாதம்மா என்றாள். சொல்லிவிட்டேன். அவளைத் திட்டாதே, அவள் வாயில் எதுவும் தங்காது என்று தெரிந்துதானே சொன்னாய். அவள் போன பிறகு உன் செய்திகளை எடுத்துப் பார்த்தேன். நல்லா இருக்கேன். சாப்பிட்டேன். வேலை ஜாஸ்தி. அந்தக் கடைசி வரியை மட்டும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கோபம் இல்லையடா. கோபப்படவும் தெம்பு வேண்டும். பகல் முழுக்க ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் ஈரப் போர்வைகளோடு மல்லுக்கட்டு, சாயங்காலம் பின்பக்க மைதானத்தில் கூடைப்பந்து அணியோடு. உங்களுக்கு எதுக்கு இந்த வேலை என்று நீகூடக் கேட்டாய். காலேஜில் ஆடினவள் என்று யாரோ சொல்லிவைக்க, ஆஸ்பத்திரிப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. மைதானத்துக்கு நேர் எதிரே வார்டு ஜன்னல்கள். தலைமை நர்ஸ் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள், ஆடுங்க, ஆனா ஒரு சத்தம் வந்துச்சோ அதோட சரி. அதனால் சத்தமில்லாத பயிற்சிகளாகப் பார்த்துப் பார்த்துச் செய்தேன். பந்தைத் தட்டிக்கொண்டு ஓடக் கூடாது. எதிரெதிரே இரண்டு வரிசை. மார்புக்கு நேராகத் தள்ளு, விரல் நுனியால் தள்ளு, உள்ளங்கையால் அல்ல. அடுத்து, தரையில் ஒரு முறை குதித்து அவள் இடுப்புக்கு எழும்புகிற மாதிரிப் போடு. வாங்குகிறவள் கையை விரித்துக் காட்ட வேண்டும், போடுகிறவள் கண்ணால் கேட்க வேண்டும். வட்டமாக நிற்கவைத்து, நடுவில் இருவரைத் தடுக்க விட்டு, ஒரு மூச்சுக்குமேல் பந்தைக் கையில் வைத்திருக்கக் கூடாது என்றேன். பார்க்க அழகாக இருந்தது. வெள்ளைச் சுவர், பந்து, யாரும் பேசவில்லை. ஜன்னலில் நின்று நோயாளிகள்கூடப் பார்த்தார்கள். நானும் கொஞ்சம் கர்வப்பட்டேன்.

போட்டி வந்தது. மின்சார ஆபீஸ் பெண்கள். அது மூடின அரங்கம், உள்ளே மீன் சந்தை மாதிரி இரைச்சல். அவர்கள் ஒருத்தியை ஒருத்தி கத்திக் கூப்பிட்டு ஆடுகிறார்கள். நம்மவர்கள் ஊமைப் படம். அங்கே கண்ணைப் பார்க்க யாருக்கு நேரம்? கடைசி நிமிடம், ஒரு கூடை போட்டால் சமம். நம் லேப் பெண், நெட்டை என்று கூப்பிடுவோமே, அவள் வளையத்துக்கு அடியில் தனியாக நிற்கிறாள், தடுக்க ஒரு ஆள் இல்லை. இரண்டு கையையும் உயர்த்திக்கொண்டு நிற்கிறாள். வாய் மட்டும் திறக்கவில்லை. பந்து வேறு பக்கம் போனது, போனது போனதுதான். ஏண்டி, வாயைத் தொறந்தா முத்து உதிர்ந்துடுமா என்றேன். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே, வார்டுல தூங்கறாங்கன்னு பழக்கமாயிடுச்சுக்கா என்றாள். எந்த வார்டு? அந்த அரங்கத்தில் ஏது வார்டு? சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. பஸ்ஸில் யாரும் பேசவில்லை. அது மட்டும் நன்றாகப் பழகியிருந்தது.

இப்போது பயிற்சியைச் சலவைப் பிரிவு முற்றத்துக்கு மாற்றிவிட்டேன். கூடை கிடையாது, பாஸ் பழகக் கூடை எதற்கு. பாய்லர் இரைச்சலில் என்ன கத்தினாலும் வார்டுக்குக் கேட்காது. ஒரே விதி, வாய்விட்டுக் கேட்காதவளுக்குப் பந்து இல்லை. எவ்வளவு நல்ல இடத்தில் நின்றாலும் இல்லை. இதை எனக்குச் சொன்னது ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். எங்க தியேட்டர்ல டாக்டர் கேட்டாத்தான்கா கத்தியைக் கையில வைப்போம், கேக்காம நீட்டினா அது வெறும் கத்தி என்றாள். நெட்டையின் குரல் முதலில் பூனைக்குட்டி மாதிரி வந்தது. பாய்லருக்கே கேக்கலையாம்டி என்று மற்றவர்கள் ஓட்டினார்கள். கண்ணில் தண்ணீரோடு கையை நீட்டிக்கொண்டே நிற்பாள், பந்து அவளைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கும். எனக்கே பொறுக்கவில்லை, ஆனால் விதியை மாற்றவில்லை. நேற்று, இங்க குடு என்று ஒரு கத்து கத்தினாள். இஸ்திரி போடுகிறவர் யாருக்கோ மெஷினில் கை மாட்டிக்கொண்டது என்று ஓடி வந்துவிட்டார். பந்து அவள் நெஞ்சுக்கு நேராகப் போய்ச் சேர்ந்தது. பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். அடுத்து என்ன செய்ய என்று தெரியாமல்.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்தபோது உன் நினைப்புதான். அப்பா உடனே டிக்கெட் எடுத்து அனுப்புகிறேன் என்று குதிக்கிறார். நான்தான் தடுத்து வைத்திருக்கிறேன். நீ கேட்காமல் அனுப்பினால் உனக்கு அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், நீ என் பிள்ளை. அந்த நர்ஸ் சொன்ன கத்தி. ஆனால் நீ கையைக்கூடக் காட்டாமல் அங்கே தனியாக நிற்கிறாய். நான் எந்தப் பக்கம் போடுவது? அங்கேயே இருந்து தேடுகிறேன் என்றால் சரி, கொஞ்ச நாள் வந்து தூங்குகிறேன் என்றால் அதுவும் சரி. உன் அறையில் அப்பாவின் ஸ்க்ரூடிரைவர்கள்தான் குடியிருக்கின்றன, ஒரு மணி நேரத்தில் காலி செய்துவிடலாம். எது என்று நீ சொல்ல வேண்டும். முழு வாக்கியமாகக்கூட வேண்டாம். நெட்டை இரண்டு வார்த்தைதான் சொன்னாள்.

வேளைக்குச் சாப்பிடு. வேலை இல்லாத நாளிலும் குளித்து, நல்ல சட்டை போட்டுக்கொள். உன் உடம்பும் மனமும் ஒன்றையொன்று கைவிடாமல் இருக்கட்டும், உனக்கு உரியது உன்னைத் தேடி வரட்டும். எந்த நேரமானாலும் கூப்பிடு. போனை அப்பா எடுத்தால் மெதுவாகப் பேசாதே, அவருக்குக் கேட்காது. கத்திச் சொல்.

பந்தைக் கையில் வைத்தபடி,
உன் அம்மா